அச்சில் ஜெயித்தவன்

"தோத்துட்டான்னு போடுவியா? எங்க, போடு பாக்கலாம்! என் மிஷின்ல, என் மையில, என் காயிதத்துல அந்த வார்த்தைய நீ போட்டுடு, நான் தாடிய மழிச்சுக்கினு ஊர வுட்டே போயிடறேன்!"

"கத்தாதீங்க பாய். நடந்தத எழுதறதுக்குப் பேருதான் பத்திரிகை."

"அடேங்கப்பா! நடந்தத எழுதறவரு வந்துட்டாரு, வழி வுடுங்க. நடக்கறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தது யாரு? எங்க வூட்டு ஆடா?"

அச்சக முதலாளி அக்பர் அலி இப்படிக் கேட்டதும் அரங்கநாதன் கையில் சுருட்டி வைத்திருந்த தாள்களை இன்னும் இறுக்கிச் சுருட்டினார். எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து வந்து அச்சக வாசலில் நின்றார்கள். கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ஒரு வாரமாகச் சாலை மறியலைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போயிருந்தது. அவர்களுக்கும் ஒரு மாறுதல் வேண்டாமா?

அச்சகத்தை ஒட்டிய வீட்டிலிருந்து அக்பர் அலியின் மனைவி ஆசியா பீவி குரல் கொடுத்தார். "மெதுவாப் பேசுங்களேன்! அந்தப் பொண்ணு அங்கதானே உக்காந்துக்கினு இருக்கு?"

அந்தப் பெண் கண்ணகி. எழுத்துக் கோக்கிறவள். ஈய எழுத்துகள் நிறைந்த அறைப்பெட்டிக்கு முன்னால், யாரையும் பார்க்காமல், யாரோ ஒருவர் வீட்டுக் காதுகுத்து அழைப்பிதழைக் கோத்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் ஓடியது.

சண்டை எதைப் பற்றி என்று புரிய, அரங்கநாதனைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அப்படியொன்றும் பெரிய ரகசியம் இல்லை, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சர்க்கரை ஆலையில் டைம் கீப்பர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர். ஏன் ஆகவில்லை என்பதற்குப் பல கதைகள் உண்டு. எல்லாக் கதையிலும் குத்துச்சண்டை வரும். ஆலை வேலை முடிந்ததும் நூலகத்தில் பழைய இங்கிலீஷ் பேப்பர்களைக் கிளறி, இருக்கிற ரேடியோவைக் காதோடு ஒட்டி, உலகச் சாம்பியன்களைப் பற்றி எழுதுவார். 'களமணி' என்ற பெயரில் மாதம் இருமுறை பத்திரிகை. ஆசிரியர், நிருபர், அட்டைக்குத் தலைப்பு யோசிப்பவர் எல்லாம் அவரே. அச்சிடுபவர் அக்பர் அலி. கல்யாணப் பத்திரிகையில் வந்த லாபத்தைக் களமணியில் விட்டுக்கொண்டிருந்தார். ஏன் பாய் என்று கேட்டால், "மனுசனுக்கு ஒரு கெட்ட பழக்கம் வேணுமில்ல?" என்பார்.

அரங்கநாதன் எழுதியதைப் படித்தால், ஆள் வளையத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றிருந்தார் என்று சத்தியம் செய்யத் தோன்றும். 'இடி இறங்கியது போலக் குத்து விழுந்தது. ரத்தத்துளி என் சட்டையில் தெறித்தது' என்று ஒருமுறை எழுதிவிட்டார். டீக்கடையில் யாரோ அதைச் சத்தமாகப் படிக்க, துணி வெளுக்கும் கொளஞ்சியம்மாள் நேராக அவர் வீட்டுக்கே போய், "எந்தச் சட்டைங்க? நான் பாக்கவே இல்லியே" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு முழுக்க அவர் வெளியே வரவில்லை.

விஷயம் என்னவென்றால், அதுவரை அவர் ஒரு குத்துச்சண்டையைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

பத்திரிகைத் தொழிலைப் பற்றி அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. "ஜெயிச்சவன் மூஞ்சிய அட்டையில போட்டா பஸ் ஸ்டாண்டு கடையில முன்னால தொங்கும். தோத்தவன் மூஞ்சியப் போட்டா கட்டுப் பிரிக்காம திரும்பி வரும். நான் இன்னா பண்றது?" ஆகையால் களமணியில் தோற்றவர்களுக்கு இடம் கம்மி. கடைசிப் பக்கத்தில், மூலத் தைல விளம்பரத்துக்குக் கீழே ஒரு வரி கிடைத்தால் உண்டு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அச்சகத்தில் பெரிய எழுத்து ஒரு தட்டுதான். ஜெயித்தால் ஒன்று, தோற்றால் ஒன்று என்று இரண்டு அட்டை கோத்து வைக்க ஈயம் போதாது. அதனால் பெரிய போட்டி வருகிறதென்றால், யார் ஜெயிப்பார் என்று அரங்கநாதன் முன்கூட்டியே தீர்மானித்து எழுதிக் கொடுத்துவிடுவார். அட்டையையும் நடுப்பக்கத்தையும் முதலில் ஓட்டி, எழுத்துகளைப் பிரித்துப் போட்டு, அதே எழுத்தில் மீதிப் பக்கங்களைக் கோப்பார்கள். முடிவு வந்ததும், கட்டி வைத்த இதழ்க் கட்டை அவிழ்த்துக் கடைகளுக்கு அனுப்புவார்கள். இத்தனை வருஷத்தில் அவர் கணிப்பு பெரும்பாலும் பலித்தது. பலிக்காதபோது அந்த இதழ் 'தவிர்க்க முடியாத காரணங்களால்' வராது. அந்தக் காரணம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. வராததைக் கவனிக்கிற அளவுக்கு வாசகர்கள் இல்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில்தான் பூமாலை வந்து சேர்ந்தான்.

கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பையன். மெட்ராஸுக்குச் சித்தாள் வேலைக்குப் போனவன், துறைமுகத்துப் பக்கம் ஒரு குப்பத்தில் குத்துச்சண்டை பழகிக்கொண்டு, அப்பா செத்ததும் நிலத்தைப் பார்க்கத் திரும்பி வந்தான். கடுக்காய் மூட்டையைப் பலாமரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் குத்துவான். சேலத்தில் நடக்கும் மண்டல சாம்பியன்ஷிப்பில் தகுதிச் சுற்றுகளை ஜெயித்து இறுதிக்கு வந்துவிட்டான் என்று தெரிந்ததும் அரங்கநாதனுக்குத் தூக்கமே போய்விட்டது. இதுவரை எழுதிய சாம்பியன்கள் எல்லாரும் கடல் தாண்டியவர்கள். இவன் பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்தில் இருக்கிறான்!

பேட்டிக்கும் படத்துக்கும் பூமாலை அச்சகத்துக்கு வந்தான். பிறகு பேட்டி இல்லாமலும் வந்தான். கண்ணகி அவன் பெயரை ஈயத்தில் கோத்துக் காட்ட, "இன்னா இது, தலைகீழா கீது?" என்றான். "அச்சுல நேரா வரும். அவசரப்படாத" என்றாள். ஆசியா பீவி ஜன்னல் வழியே இதைப் பார்த்தார். ஆசியா பீவி பார்த்தால் கடைவீதி பார்த்த மாதிரி.

கண்ணகியின் அப்பா நாராயணசாமி வடக்கனந்தலில் கரும்பு போடுகிறவர். மலைக்காரப் பையனுக்குப் பெண்ணா? வீட்டில் பெரிய ரகளை. கண்ணகி சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் அவர் ஒரு வார்த்தை சொன்னார்: "சாம்பியன்னு பேரு வாங்கிக்கினு வரட்டும், பாக்கலாம்." அது சம்மதமே இல்லை. நடக்கவே நடக்காது என்ற தைரியத்தில் சொன்ன வார்த்தை.

அரங்கநாதன் அட்டையை எழுதிக் கொடுத்தார்: 'பூமாலை வென்றார்!' நடுப்பக்கத்தில் மூன்றாம் சுற்றில் எதிராளி சுருண்டு விழுந்த காட்சி, விலாவாரியாக. கோத்தவள் கண்ணகி. அந்த ஆச்சரியக்குறியை அவளாகவே இரண்டாக்கினாள் என்று அக்பர் அலி பிற்பாடு சொன்னார்.

அது எண்பத்தேழாம் வருஷம். இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். ரோட்டோரத்துப் புளியமரங்கள் எல்லாம் ரோட்டுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டன. பஸ் இல்லை, லாரி இல்லை. சேலத்துக்குப் போகும் வழி சின்னசேலத்துக்கு முன்னாலேயே அடைபட்டுவிட்டது. போட்டி தள்ளிப்போகுமா என்று கேட்க டிரங்க் கால் போட்டால் லைன் கிடைக்கவில்லை.

"மலை மேல ஏறி அந்தாண்ட எறங்கிடலாம்ண்ணே" என்றான் பூமாலை. "கருமந்துறை வழியா. அங்க மரத்த வெட்டி ரோட்ட மறிக்க ரோடே கெடையாது."

ஆலைக்கு லீவு சொல்லிவிட்டு அரங்கநாதனும் கிளம்பினார். கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கியதுமே அவருக்கு மூச்சு வாங்கியது. செருப்பு அறுந்தது. பூமாலை தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்தான். "வேணாம்டா, உனக்குக் கால் முக்கியம்" என்றார் அவர். "எனக்குக் கை முக்கியம், நீ போட்டுக்க" என்றான். அவன் யாரையும் நீ என்றுதான் பேசுவான், மலையில் அதில் மரியாதைக் குறைவு இல்லை. அவரும் போட்டுக்கொண்டார். இதைத்தான் பின்னால் அவர் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார்: போட்டுக்கொண்டேனே. மரவள்ளிக்காடு, சாமைக்காடு, காட்டோடை என்று மலை முழுக்க அந்தப் பையன் வெறுங்காலில் நடந்தான். அந்தப்பக்கம் இறங்கும்போது பாதம் கொப்புளித்துவிட்டது.

சேலத்தில் போட்டி தள்ளிப்போகவில்லை. எதிராளி ரயில்வேக்காரன். முகாமிலேயே தங்கி, தின்று, தூங்கி, மசாஜ் எடுத்துக்கொண்டு நின்றான்.

அன்று சாயங்காலம் அரங்கநாதன் வாழ்க்கையில் முதல்முறையாகக் குத்துச்சண்டை பார்த்தார்.

முதல் குத்து விழுந்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடி மாதிரி எல்லாம் இல்லை. கொளஞ்சியம்மாள் துவைகல்லில் ஈரத்துணியை அறைகிற சத்தம். இத்தனை வருஷமாக இடி, இடி என்று எழுதினோமே என்று வெட்கமாக இருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் அவர்கள் 'உஸ்' என்று மூச்சு விடுவார்கள் என்று அவர் எங்கேயும் படித்ததில்லை. முதல் சுற்றில் பூமாலை வெறும் மூட்டையாக நின்று வாங்கினான். இரண்டாவதில் கால் எரிச்சலில் நகர முடியாமல், நகராமலேயே சண்டை போடுவது எப்படி என்று அங்கேயே, அடி வாங்கிக்கொண்டே, கண்டுபிடித்தான். மூன்றாவதில் ரயில்வேக்காரன் பின்வாங்கிப் பின்வாங்கிக் கயிற்றில் போய் ஒட்டிக்கொண்டான். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. பெயர் தெரியாததால் ஜனங்கள் "கள்ளக்குறிச்சி! கள்ளக்குறிச்சி!" என்று கத்தினார்கள். மணி அடித்தபோது பூமாலையின் காலுறை ரத்தத்தில் ஊறியிருந்தது.

நடுவர்கள் தீர்ப்பில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரே ஓட்டில் ரயில்வேக்காரன் ஜெயித்தான். ஜெயித்தவனே வந்து பூமாலையின் கையைத் தூக்கிப் பிடித்தான். அரங்கநாதன் அழுதார். பக்கத்தில் இருந்தவர், "உங்க பையனா?" என்று கேட்டார்.

அந்த ராத்திரியே அவர் உட்கார்ந்து எழுதினார். தோற்றவனைப் பற்றி அவர் எழுதிய முதல் கட்டுரை. இதை அட்டையில் போடுவேன், கட்டுக் கட்டாகத் திரும்பி வரட்டும், என்ன இப்போ என்று இருந்தது அவருக்கு.

ஊரில் நடந்தது வேறு.

மறியலால் மெட்ராஸ் பேப்பர், வாரப் பத்திரிகை எதுவும் வரவில்லை. பஸ் ஸ்டாண்டுக் கடைகள் காலியாகத் தொங்கின. படிக்க ஏதாவது கொடு என்று ஜனங்கள் பழைய பஞ்சாங்கத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. "இந்த ஊர்ல இன்னிக்கு அச்சடிச்ச காயிதம்னா நம்ம கட்டு ஒண்ணுதான். இதுக்கு மேல ஒரு நேரம் வருமா?" என்றார் ஆசியா பீவி. அக்பர் அலி தாடியைத் தடவினார். பையன் எப்படியும் ஜெயித்திருப்பான் என்று அவர் மனதாரவே நம்பினார். கட்டை அவிழ்த்தார். களமணியின் சரித்திரத்தில் முதல்முறையாக ஒரு இதழ் மிச்சமில்லாமல் விற்றுப்போனது. ஒன்று வடக்கனந்தலுக்கும் போனது.

நாராயணசாமிக்கு இப்போது மலை, சாதி எல்லாம் மறந்துபோனது. "எங்க மாப்ள" என்று கரும்புக்காட்டில் பேச ஆரம்பித்தார். மறியல் முடிந்து இவர்கள் பஸ்ஸில் வந்து இறங்கியபோது, வடக்கனந்தல் ஸ்டாப்பில் பறைமேளம், சரவெடி. நாராயணசாமியே முன்னால் வந்து பூமாலைக்கு ஆளுயர ரோஜா மாலை போட்டார்.

"நான் தோத்துட்டேங்க" என்றான் பூமாலை. ஒருமுறைதான் அவன் 'ங்க' போட்டான், அதுவும் மேளத்தில் காணாமல் போனது. மறுபடியும் சொல்ல வாயைத் திறந்தவனின் தோளை அரங்கநாதன் அழுத்தினார். "அப்புறம் சொல்லிக்கலாம்டா" என்றார். இவ்வளவு சந்தோஷத்தில் இருக்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது? நல்ல மனசுதான். அந்த நல்ல மனசு அவரை அச்சக வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டது; உள்ளே நுழைந்ததும், எழுதியதைப் போட்டே தீர வேண்டும் என்று நின்றார்.

அதனால்தான் இந்தக் கூச்சல்.

"வெள்ளிக்கெழம நிச்சயதார்த்தம்" என்றார் அக்பர் அலி, இப்போது குரல் தாழ்ந்து. "நாராயணசாமி பாக்கு வெத்தல மாத்தறான். தாலி ஏறுனப்புறம் எவன் வந்து சர்ட்டிபிகேட்டக் காட்டுன்னு கேக்கப் போறான்? ரெண்டு மாசம் வாய மூடிக்கினு இருய்யா. உன் கட்டுரையத் தூக்கிப் பரண்ல போடு."

அரங்கநாதன் கண்ணகியின் முதுகைப் பார்த்தார். நிச்சயம் இவ்வளவு கிட்ட வந்துவிட்டது அவருக்குத் தெரியாது. கையில் இருந்த தாள்கள் திடீரென்று கனத்தன. அவர் எழுதியதிலேயே நல்லது அதுதான். உண்மையானதும் அது ஒன்றுதான். ஆனாலும் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"சரி பாய். வேணாம்."

"வேணும்" என்றான் பூமாலை.

எப்போது வந்தான் என்று யாரும் பார்க்கவில்லை. டீக்கடை ஆட்களை விலக்கிக்கொண்டு, நொண்டியபடி உள்ளே வந்தான். கண் இன்னும் வீங்கியிருந்தது.

"போடுண்ணே. கரியாலூர்ல கொழந்தைங்க எல்லாம் 'எப்பிடி மாமா வுழுந்தான், காட்டு'ன்னு கேக்குது. அவன் வுழவே இல்ல. நான் இன்னா காட்றது?"

கண்ணகி திரும்பினாள். "போட்டா எங்கப்பா இன்னா செய்வாருன்னு தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் போடச் சொல்ற."

"உங்கப்பா எனக்கா மாலை போட்டாரு? அந்த அட்டையில கீறவனுக்குப் போட்டாரு. அவன எனக்குத் தெரியாது கண்ணகி. காலம்பூரா அவனுக்குப் பதிலா நான் உங்க வூட்ல உக்காந்து சோறு துன்னணும்." முஷ்டியை மடக்கிக் காட்டினான். "சேலத்துல நான் அடிச்ச அடி நான் அடிச்சது. என் ஆயுசுல அப்பிடி ஒரு சண்ட போட்டதில்ல, இனிமேயும் போட மாட்டேன். அது நடக்கவே இல்லன்னு ஆக்கிட்டீங்களே எல்லாரும்."

வாசலில் நின்றவர்கள் டீயைக் குடிக்க மறந்தார்கள். ஆசியா பீவி ஜன்னலில் நின்று முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

கண்ணகி அழுவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். அரங்கநாதன் பக்கம் திரும்பினாள்.

"சார், இந்த வாட்டி நீங்க கண்ணால பாத்தீங்களா?"

"பாத்தேம்மா."

"இவரு சொல்ற மாதிரி நெசமாவே நல்லா அடிச்சாரா?"

"அப்பிடி ஒண்ண நான் படிச்சதுகூட இல்லம்மா."

"அப்பக் குடுங்க" என்று கையை நீட்டினாள்.

"அம்மாடி, யோசிச்சுச் செய்யி" என்றார் அக்பர் அலி. அவள் யோசித்தாளா என்று யாருக்கும் தெரியாது. காதுகுத்து அழைப்பிதழை ஓரமாக நகர்த்தி வைத்தாள். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, 'துவைகல்லில் ஈரத்துணி விழுகிற சத்தம்' என்று ஆரம்பிக்கிற கட்டுரையைக் கோக்கத் தொடங்கினாள். பூமாலை பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தான். ஒருமுறை அவள் கோத்த வரியைக் காட்ட, அவன் குனிந்து பார்த்தான். தலைகீழ் எழுத்து இப்போது அவனுக்குப் படிக்க வந்திருந்தது. 'பூமாலை தோற்றார்' என்ற கடைசி வரியைக் கோத்துவிட்டு, கையைக்கூடக் கழுவாமல், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள். அதன் பிறகு அவள் அச்சகத்துக்கு வரவே இல்லை.

இதழ் வெளிவந்தது. அதற்குள் ரோடு திறந்து மெட்ராஸ் பத்திரிகைகள் கலர் கலராக வந்து இறங்கிவிட்டன. வீங்கிய கண்ணோடு ஒருவன் நிற்கிற அட்டையைக் கடைக்காரர்கள் அடியில் போட்டு அதன் மேல் வாழைப்பழம் வைத்தார்கள். அரங்கநாதன் வாழ்நாளில் எழுதிய ஒரே உண்மையான சண்டையை டீக்கடையில்கூட யாரும் சத்தம் போட்டுப் படிக்கவில்லை.

நாராயணசாமி படித்தார். அவர் படித்த ஒரே விளையாட்டுக் கட்டுரை அதுவாகத்தான் இருக்கும். அதிலும் கடைசி வரி மட்டும். நடுத்தெருவில் நின்று, "ஊர் பாக்கப் போட்டேனே, என் மாலைய வாங்கிக்கினு வாங்கடா அவங்கிட்ட!" என்று கத்தினார். கோபத்தில் சொல்கிற வார்த்தை. அதையெல்லாம் யாராவது செய்வார்களா? பூமாலை செய்தான். காய்ந்து சருகான அந்த மாலையைக் கரியாலூரிலிருந்து வாழைநாரில் கட்டிக் கொண்டுவந்து, அவர் வீட்டு வாசல் தூணில் மாட்டிவிட்டுப் போனான். கண்ணகி உள்ளேதான் இருந்தாள். வெளியே வரவில்லை என்கிறார்கள். வரவிடவில்லை என்றும் சொல்கிறார்கள்.

ஓடிப் போயிருக்கலாமே என்று பிற்பாடு ஆசியா பீவி உள்பட எல்லாரும் கேட்டார்கள். கேட்பது சுலபம். மறியலுக்குப் பிறகு சாதிக் கோபம் ஆறாத அந்த மாசங்களில் யார் யாரோடு பஸ் ஏறுகிறார்கள் என்று ஊருக்கு ஊர் கண் விழித்துக்கொண்டிருந்தது.

தை பிறந்ததும் கண்ணகியைக் களமருதூரில் நெல் விவசாயி ஒருத்தருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணப் பத்திரிகையைச் சின்னசேலத்தில் அடித்தார்கள். அக்பர் அலி கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார், தாடியோடுதான். மாப்பிள்ளை நல்ல மாதிரி, பேப்பரே படிக்க மாட்டார் என்று வந்து சொன்னார். பூமாலை நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான். அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டான் என்று கேள்வி. குத்துச்சண்டை பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவானாம். அக்பர் அலி மகன் அன்சர் அந்தப் பழைய மிஷினை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டு ஆப்செட் வாங்கினான். களமணி நின்றுபோனதைப் பற்றி ஒருவரும் விசாரிக்கவில்லை.

அரங்கநாதன் வேறு ஆலைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கல்யாணம் கடைசிவரை இல்லை. அவர் காலி செய்த அன்றைக்குத் தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. கட்டில், நாற்காலி, ரேடியோ எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டார். ரேடியோவைக் கொளஞ்சியம்மாள் எடுத்துக்கொண்டாள். திரும்பி வந்த அந்த இதழின் கட்டுகளை மட்டும், ஒன்றுகூட விடாமல், மழையில் நனையாமல் தார்ப்பாய் போட்டு மூடி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, வண்டிக்குப் பின்னாலேயே நடந்து போனார்.